பத்திரத்தின் பின்பக்கம்

ஜூன் 3, கொழிஞ்சாம்பாறை

மழை பிடித்துக்கொண்டது. பாலக்காட்டுக் கணவாய் ஈரக்காற்று பழைய காகிதத்துக்கு ஆகவே ஆகாது. நான் சேகரிக்கும் பழைய எண்ணெய்க் கம்பெனிப் பங்குப் பத்திரங்களை வெளியே எடுத்து, பாலியெஸ்டர் உறைகளுக்கு மாற்றினேன். மலிவான பிவிசி உறையில் மை ஒட்டிக்கொண்டுவிடும். லேமினேஷன் செய்வது மகாபாவம். பிறகு அந்தக் காகிதத்தை மீட்க வழியில்லை.

ஜூன் 7

கோயம்புத்தூர் வியாபாரியிடம் கேட்டிருந்த டெக்சாஸ் பத்திரம் தபாலில் வந்தது. 1901ஆம் ஆண்டுக் காகிதம். அந்த ஆண்டு ஜனவரி 10 அன்று போமான்ட் நகருக்கு அருகே ஸ்பிண்டில்டாப் மேட்டில் பீறிட்ட எண்ணெயை அடக்கவே ஒன்பது நாள் ஆயிற்று. அந்தப் பரபரப்பில் கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. கிணறே தோண்டாமல் பங்கு விற்றவர்களும் உண்டு.

முன்பக்கத்தில் வானளவு எழும் எண்ணெய்த் தாரையின் படம். நான் பார்த்துக்கொண்டே இருந்தது பின்பக்கத்தை. இன்னொருவர் பெயருக்கு மாற்றிக்கொடுக்கும் படிவம் அங்கே நிரப்பப்படாமல் கிடக்கிறது. நான்காக மடித்த கோடுகள் நைந்து, நடுவில் ஊசித்துளை அளவு ஓட்டை. வாங்கியவர் எத்தனை முறை பிரித்துப் பார்த்தாரோ! விற்க முடியாமலே வைத்திருந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். மனது கனத்துவிட்டது.

ஜூன் 15

பக்கத்து வீட்டு மாமா வந்தார். “இதெல்லாம் இப்போது செல்லுமா, தம்பி?” என்றார். செல்லாது என்றேன். அந்தக் காலத்தில் இங்கே மண்ணெண்ணெய் விற்ற பர்மா ஷெல் கம்பெனியின் பெயரை நான் சொன்னதும் முகம் மலர்ந்தது. அந்த மண்ணெண்ணெய் டின்னில்தான் அவர்கள் வீட்டில் தண்ணீர் சுமந்தார்களாம். அதன் தாய்க் கம்பெனிகளில் ஒன்றான பர்மா ஆயில் 1886இல் கிளாஸ்கோவில் தொடங்கியது. எண்ணெய் வந்ததோ பர்மாவில் ஐராவதி ஆற்றங்கரை ஊரான ஏனாஞ்சாங்கிலிருந்து. அந்தக் கம்பெனியின் பத்திரம் ஒன்றாவது கிடைக்க வேண்டும்.

ஜூன் 22

அமெரிக்க எண்ணெய் முதலாளி ராக்பெல்லர் கையெழுத்திட்ட ஸ்டாண்டர்டு ஆயில் பத்திரங்கள் என் கைக்கு எட்டாத விலை. 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 34 கம்பெனிகளாக உடைத்த நிறுவனம் அது. பத்திரத்தை ரத்து செய்யப் போட்ட துளை கையெழுத்தின் மேல் விழுந்திருந்தால் விலை குறைகிறது. எனக்கு அது குறையே இல்லை: அந்தப் பங்கு உண்மையிலேயே கைமாறியது என்பதற்கு அதுதான் சாட்சி. நகல் என்று சந்தேகம் வந்தால் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட கோடு லேசாக மேடு தட்டும். நகலில் லென்ஸ் வழியே புள்ளிகள் தெரியும்.

ஜூன் 29

காஸ்பியன் கடலோர பாகு நகரத்து எண்ணெய்க் கம்பெனிப் பத்திரம் ஒன்றை மேசையில் விரித்தேன். ஈவுத்தொகை வாங்க வெட்டிக்கொடுக்கும் கூப்பன்கள் கீழே வரிசையாக இருக்கின்றன. முதல் சில மட்டும் கத்தரிக்கப்பட்டிருக்கின்றன. 1920இல் ரஷ்யக் கம்யூனிஸ்டுகளின் செம்படை பாகுவுக்குள் நுழைந்து எண்ணெய் வயல்கள் அரசுடைமையான பின், மீதியை வெட்டி யாரிடம் நீட்டுவது?

சித்தூரில் படங்களுக்குச் சட்டம் போடுபவரிடம் இரண்டு பக்கமும் கண்ணாடி கேட்டேன். “சுவரில் மாட்டினால் பின்பக்கத்தை யார் பார்ப்பார்கள், சார்?” என்றார். ஓரத்தில் கீல் வைத்துக் கதவு போலத் திறக்கும்படி செய்யச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை தருகிறார். வெயில் படாத வடக்குச் சுவரில் மாட்டப்போகிறேன்.