கோடை விடுமுறைக்கு ஐப்பசியிலேயே விண்ணப்பம்

முதலாண்டு பி.எஸ்சி. விலங்கியல் முடியப்போகிற மார்ச் மாதம், லேப்பில் மைக்ரோஸ்கோப்புக்கு உறை மாட்டிக்கொண்டே எங்கள் மேடத்திடம் கேட்டேன், "லீவுல ஏதாவது ரிசர்ச் லேப்ல போய் வேலை கத்துக்க முடியுமா மேம்?" "அதுக்கெல்லாம் நவம்பர்லயே தேதி முடிஞ்சுபோயிருக்குமேம்மா" என்றார். எங்கள் ஊர்க் கல்லூரியில் அதை எங்கேயும் ஒட்டவில்லை, வகுப்பில் யாரும் சொல்லவுமில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன், இப்போது முதலாண்டில் இருப்பவர்களுக்காக.

இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள், அதாவது பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் இருப்பவை, சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி ஃபெலோஷிப்தான் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் லேப்பில் வேலை, உதவித்தொகை உண்டு, ரயில் கட்டணமும் கொடுப்பார்கள். விண்ணப்பம் பெரும்பாலும் தீபாவளியை ஒட்டி வந்து நவம்பர் கடைசியில் முடிந்துவிடும். பெங்களூரு ஜக்கூரில் இருக்கும் ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்துக்குத் தனியாக ஒன்று போட வேண்டும், அதுவும் குளிர்காலத்திலேயே. கணிதம் படிப்பவர்களுக்கு 1993இலிருந்து நடக்கும் எம்.டி.டி.எஸ். (MTTS) என்ற கணிதப் பயிற்சிக் கோடை முகாம் இருக்கிறது. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் என்.ஐ.யு.எஸ். (NIUS, இளங்கலை அறிவியலுக்கான தேசிய முயற்சி) திட்டம் பி.எஸ்சி. ஆரம்ப ஆண்டுகளில் இருப்பவர்களுக்கென்றே உள்ளது. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும், அதனால் அந்தந்த இணையதளத்தை அக்டோபரிலிருந்து வாரம் ஒருமுறை பாருங்கள்.

பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். கடைசி நாள் போய் நிற்காதீர்கள். அடுத்த ஆண்டு விண்ணப்பித்தபோது நான் இரண்டு வாரம் முன்னாடியே மதிப்பெண் பட்டியலையும், என்ன செய்ய ஆசை என்று எழுதிய குறிப்பையும் எடுத்துக்கொண்டு போனேன். மேடம் குறிப்பைப் படித்துவிட்டு, "உயிரியலில் ஆர்வம் உண்டு" என்ற வரியை அடித்து, "எந்த உயிரி, அதுல என்ன கேள்வி?" என்று ஓரத்தில் எழுதித் தந்தார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுத எனக்கு நான்கு நாள் ஆனது.

எனக்கு ஃபெலோஷிப் கிடைக்கவில்லை. பிப்ரவரியில் பட்டியல் வந்தது, என் பெயர் இல்லை, இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அப்புறம் பேராசிரியர்களுக்கு நேரடியாக மெயில் போட ஆரம்பித்தேன். ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி முப்பது பேருக்கு அனுப்பினேன், ஒருவர்கூடப் பதில் போடவில்லை. இன்று நானே ஒரு லேப்பில் இருக்கிறேன், அப்படிப்பட்ட கடிதங்கள் வாரத்துக்கு எத்தனை வருகின்றன என்று பார்க்கிறேன், அதனால் அவர்கள் மேல் வருத்தமில்லை. முப்பத்தொன்றாவது மெயிலுக்கு முன் ஆய்வுக் கட்டுரைகளை யாரும் படிக்கும்படி போட்டு வைக்கும் பயோஆர்கைவ் (bioRxiv) தளத்தில் இலவசமாகக் கிடைத்த, அந்தப் பேராசிரியரின் பழ ஈ பற்றிய ஒரு கட்டுரையை ஒரு வாரம் படித்தேன். முக்கால்வாசி புரியவில்லை. படங்களையும் அவற்றின் கீழே இருந்த விளக்கத்தையும் மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன், பெண் ஈக்களை மட்டும் ஏன் எடுத்தார்கள் என்று ஒரு சந்தேகம் வந்தது. அதைக் கேட்டு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வர முடியும் என்றும் சொல்லி ஏழே வரி எழுதினேன். மறுநாளே பதில்.

பெங்களூரில் ஆறு வாரம். முதல் நாளே அந்தப் பழ ஈ லேப்பில் புளித்த மாவு வாடை அடித்தது, ஈக்களுக்கு ஈஸ்ட்டும் சோளமாவும் கலந்த தீனி. மயக்கமடைந்த ஈக்களை மெல்லிய தூரிகையால் நகர்த்தி ஆண், பெண் பிரிப்பதுதான் என் வேலை, ஆணுக்கு வயிற்றின் நுனி கறுத்திருக்கும். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள் பெண் ஈக்களைத் தனியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் இணை சேர்ந்துவிடும், சோதனை பாழ். அதற்காக இரவு பத்து மணிக்கும் லேப்புக்குப் போனேன், சந்தோஷமாகத்தான் போனேன்.

பணம் பற்றி முதல் மெயிலிலேயே வேண்டாம், ஆனால் வரச் சொன்னதும் உதவித்தொகை உண்டா, தங்க இடம் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். எனக்கு உதவித்தொகை இல்லை, ஹாஸ்டலில் கட்டில் மட்டும் கிடைத்தது, சாப்பாட்டுக்கு அப்பா சீட்டுப் பணத்தை எடுத்துத் தந்தார். சான்றிதழுக்குக் கட்டணம் கேட்கும் "ஆன்லைன் இன்டர்ன்ஷிப்" பக்கமே போகாதீர்கள், என் தோழி நாலாயிரம் கட்டினாள், வந்தது ஒரு பி.டி.எஃப்.

மெயில் எழுதிவிட்டு அனுப்பப் பயமாக இருந்தால் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.