துப்புரவுப் பணியாளர் ஒருவருக்கு 1,953 வெள்ளி: குத்தகை விலையை இப்படிப் பாருங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மர வேலை குறைந்தபின் தோட்டத்துப் பெண்கள் பலர் அரசாங்கப் பள்ளிகளில் துப்புரவு வேலைக்குப் போனார்கள். ஆண்கள் ஜாகா வேலைக்கு, அதாவது காவல் வேலைக்கு. கூட்டிப் பெருக்குவது அரசாங்கக் கட்டடம், சம்பளம் கொடுப்பது அந்த வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்த குத்தகையாளர். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

2025 பிப்ரவரி 1 முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்திலும், அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் எல்லா இடத்திலும், அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளிக்குக் (ரிங்கிட்) குறையக்கூடாது. அலவன்சையும் சேர்த்து 1,700 என்று கணக்குக் காட்டினால் செல்லாது. அதற்குமேல் முதலாளி கட்டவேண்டிய இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 221, சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா) 28.85, வேலை காப்புறுதி 3.30. ஆக மொத்தம் 1,953.15. பத்துப் பேர் வேண்டிய பள்ளி என்றால் மாதம் 19,531.50. சோப்பு, மொப்பு, சீருடை, லீவு போட்டவருக்கு மாற்று ஆள், குத்தகையாளரின் லாபம் எதுவும் இதில் இல்லை. 19,000 வெள்ளிக்கு ஒருவர் விலை கேட்டு, அதுவே குறைந்த விலை என்று குத்தகையும் கிடைத்துவிட்டால், அந்தப் பற்றாக்குறை யார் தலையில் விழும்? பத்துப் பேர் வேலையை எட்டுப் பேர் செய்வார்கள், அல்லது இபிஎஃப் கட்டாமல் போகும். விலையைத் திறக்கும் அதிகாரி இந்த ஒரு பெருக்கல் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே போதும்.

தொழிலாளியின் பங்கு இபிஎஃப் 187, சொக்சோ 8.25, வேலை காப்புறுதி 3.30 கழித்தால் கைக்கு வருவது 1,501.45. சம்பளச் சீட்டில் 187 பிடித்திருப்பதை மட்டும் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இபிஎஃப் கணக்கைத் திறந்து, அந்த மாதம் 408 வெள்ளி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்த பணத்தைக் கட்டாமல் விடுவதுதான் கண்ணுக்குத் தெரியாத திருட்டு. எட்டு மணி நேர வேலைக்குமேல் செய்தால் ஓவர்டைம் மணிக்கு 12.26: 1,700ஐ 26ஆல் வகுத்து, பிறகு 8ஆல் வகுத்து, ஒன்றரையால் பெருக்கவேண்டும். ஜாகா வேலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு மொத்தமாக ஒரு தொகை பேசிவிடுவார்கள். அதையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

வயிறு எரிகிற விஷயம் இன்னொன்று. குத்தகை கைமாறும்போது பள்ளியும் துடைப்பமும் மாறுவதில்லை, சட்டைமேல் இருக்கும் கம்பெனிப் பெயர்தான் மாறுகிறது. ஆனால் பத்து வருடம் அதே வகுப்பறையைக் கழுவியவரும் புதுக் கம்பெனியில் முதல் நாள் ஆள். ஐந்து வருடத்தில் கிடைக்கவேண்டிய 16 நாள் ஆண்டு விடுப்பு அவருக்கு வருவதே இல்லை, ஒவ்வொரு முறையும் 8 நாளிலிருந்து தொடங்குகிறது.

அரசாங்க ஊழியரின் குறைந்தபட்ச வருமானம் 2024 டிசம்பரில் அலவன்ஸ் உட்பட 2,000 வெள்ளியைத் தாண்டியது. அதே பள்ளியின் கழிப்பறையைக் கழுவுகிறவருக்கு 1,700. கோலாலம்பூரில் தனி ஆள் ஒருவர் கண்ணியமாக வாழ 2016 நிலவரப்படி 2,700 வெள்ளி வேண்டும் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா கணித்திருந்தது. தோட்டப்புறத்தில் வாடகை குறைவுதான். ஆனால் பஸ் இல்லாத இடத்தில் மோட்டார் சைக்கிளும் பெட்ரோலும் இல்லாமல் வேலைக்குப் போகமுடியாது. குத்தகைப் பத்திரத்திலேயே இரண்டு நிபந்தனை எழுதவேண்டும்: சம்பளம் 2,000க்குக் குறையக்கூடாது, பழைய ஆட்களின் சேவைக்காலம் தொடரவேண்டும்.

அதுவரைக்கும் குத்தகை முடியும் மாதத்தில் கவனமாக இருங்கள். வேலை நிறுத்தப்பட்டால், இரண்டு முதல் ஐந்து வருடச் சேவைக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடு. தானாக வேலையை விட்டவருக்கு இது கிடையாது. அதனால்தான் கடைசி வாரத்தில் மேற்பார்வையாளர் ஒரு மலாய்க் கடிதத்தை நீட்டி, "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கா, இங்க சைன் போடுங்க" என்பார். அதில் 'பெர்லெத்தாக்கான் ஜாவாத்தான்' என்றோ 'செசாரா சுக்கரேலா' என்றோ இருந்தால் அது ராஜினாமாக் கடிதம். கையெழுத்துப் போடாதீர்கள். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, சம்பளச் சீட்டுகளோடு தொழிலாளர் இலாகாவுக்குக் கொண்டுபோங்கள். அங்கே புகார் கொடுக்க வக்கீல் தேவையில்லை.