கனம்

1984இல் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் சின்னக் கிராணியாக, அதாவது இளைய கணக்கெழுத்தராகச் சேர்ந்தேன். ரப்பர் பால் சேரும் ஸ்டோரில் எடை எழுதுவது என் வேலை. விடியுமுன்னே பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பை முடித்து மரத்துக்குப் போனவர்கள், வெயில் ஏறியதும் வாளிகளோடு வரிசையில் வந்து நிற்பார்கள். வாளியை நிறுத்துவிட்டால் மட்டும் கணக்கு முடியாது. கொஞ்சம் பாலை எடுத்து, அதற்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, நுரையை வழித்துவிட்டு, மெட்ரோலாக் என்னும் அளவுக் கருவியை மிதக்கவிட வேண்டும். அது எந்தக் கோட்டில் நிற்கிறதோ, அதை வைத்துத்தான் பாலில் ரப்பர் எவ்வளவு தேறும் என்று தெரியும். கூலியும் அதன்படிதான்.

ஒருநாள் ஒரு அக்காளின் பெயருக்கு நேரே இரண்டு கிலோ கூட்டி எழுதினேன். அவர் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக நினைப்பு எனக்கு.

சாயங்காலம் பெரிய கிராணி பேரேட்டைப் பார்த்தார். எங்கள் தமிழ்ச் சபையின் மூப்பர் அவர். புதன்கிழமை தோறும் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வீட்டு ஜெபம் நடத்துவார். எனக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. சிவப்பு மையால் என் எண்ணை அடித்துச் சரியானதை எழுதினார். "யார் வீட்டுப் பணத்தில் தர்மம் செய்கிறாய், தம்பி?" என்று கேட்டார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு இருபது வெள்ளியை (ரிங்கிட்) எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான்காக மடித்த நோட்டுகள், வியர்வையில் நனைந்திருந்தன. "கொண்டுபோய்க் கொடு. நான் தந்தேன் என்று சொல்லாதே."

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் உம்மென்று இருப்பதை இரண்டு நாள் பார்த்துவிட்டு அவரே பேச்செடுத்தார். நம் ஊர்க்காரர், மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல், தோட்டங்களை வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால் வெட்டிய கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கிய ஜனங்கள் இவர்கள். இவர்களுக்குத் திருட்டு எடை போட்டு அவமானப்படுத்தாதே என்றார். பின்னொரு சமயம், கோட்டில் ஒரு புள்ளி குறைத்து எழுதும்படி மேலிடத்திலிருந்து வாய்மொழியாகச் சொன்னார்கள். அதற்கும் அவர் இணங்கவில்லை. அந்த வருஷச் சம்பள உயர்வு அவருக்கு வரவில்லை.

"அமுக்கிக் குலுக்கிச் சரிந்துவிழும்படி" என்ற வசனத்தைக் காணிக்கைப் பை வரும் நேரத்தில்தான் நான் கேட்டிருந்தேன். அதே வசனம், நாம் அளக்கிற அளவைப் பற்றியும் பேசுகிறது என்பதை அந்த ஸ்டோரில்தான் படித்தேன்.

ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்து, டவுனில் ஒரு வாடகை அறைக்குப் போனார். சபையில் பொன்னாடை போர்த்தினோம், மாலை போட்டோம், படம் பிடித்தோம். பல மாதம் கழித்து அவர் அறைக்குப் போன அன்று, அரிசி டின்னின் அடித்தகரம் தெரிந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

உபாத்தியாயர்கள் பதினாயிரம் பேர் இருந்தாலும் தகப்பன்மார் அநேகர் இல்லை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். நன்றாய் விசாரணை செய்கிற மூப்பர்கள் இரட்டிப்பான கனத்துக்குப் பாத்திரர் என்று தீமோத்தேயுவுக்குச் சொல்லும்போது, அடுத்த வரியிலேயே போரடிக்கிற மாட்டின் தீனியையும் வேலையாளின் கூலியையும் பேசுகிறார். கனம் என்றால் நம் தமிழில் பாரமும்தான். எபிரெயத்தில் கனத்தைக் குறிக்கும் சொல்லின் வேரும் அதுவே. எடை எழுதியே பிழைத்த எனக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். பொன்னாடையில் என்ன பாரம் இருக்கிறது?

அன்றுமுதல் சனிக்கிழமை தோறும் போகிறேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது; நான் சங்கீதம் வாசிக்க, அடுத்த வரியை அவர் முந்திக்கொண்டு சொல்வார். முதல் மாதம் ஐந்து கிலோ அரிசி வாங்கிப் போனேன். மறுவாரம் பார்த்தால் டின்னில் பாதிகூட இல்லை. கேட்டதற்கு, பக்கத்து அறையில் மூன்று பிள்ளைகள் இருக்கின்றன என்றார்.

இப்போது இரண்டு பைகளாக வாங்கிப் போகிறேன்.