மை பரவிய பந்து

எங்கள் வீட்டு பீரோவில், துணிகளுக்குப் பின்னால், ஒரு பேஸ்பால் பந்து இருக்கிறது. வீடு மாற்றும்போதெல்லாம் நான் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான். வெள்ளைத் தோல் இப்போது மஞ்சள் பாரித்துவிட்டது, சிவப்பு நூல் தையல் மட்டும் அப்படியே இருக்கிறது. அதன்மேல் மார்க்கரில் ஒரு கையெழுத்து. கால் ரிப்கன் ஜூனியர், பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி ஆட்டக்காரர், எட்டாம் நம்பர் சட்டை.

1993ல் அப்பாவின் வேலைக்காகத் திருச்சியிலிருந்து அமெரிக்காவின் மேரிலாண்டுக்குப் போனோம். எனக்கு ஒன்பது வயது. பள்ளியில் பையன்கள் பேசியதெல்லாம் பேஸ்பால்தான். கிரிக்கெட் தெரிந்த எனக்கு முதலில் பிடிபடாதது அது எத்தனை ஆட்டம் என்பது. ஒரு சீசனுக்கு 162 ஆட்டம், ஏப்ரலில் ஆரம்பித்தால் செப்டம்பர் கடைசி வரை ஏறக்குறைய தினமும். அதில் ரிப்கன் என்று ஒரு மனிதர் 1982 மே 30லிருந்து ஒரு ஆட்டத்தைக்கூட விடாமல் ஆடிக்கொண்டிருக்கிறார் என்றார்கள், அதுவும் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப்பில், பந்து சீறிக்கொண்டு வரும் ஃபீல்டிங் இடத்தில். அப்பாவிடம் வந்து சொன்னேன். அவர் உடனே கவாஸ்கர் தொடர்ந்து 106 டெஸ்ட் ஆடியதை எடுத்துவிட்டார். அப்புறம் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இவரு மனுஷன்தானாடா?" என்றார். மறுநாள் காலையிலிருந்து ஓரியோல்ஸ் ஸ்கோரை எனக்கு முன்னால் அவர் பார்க்க ஆரம்பித்தார்.

ஆட்டோகிராஃப் வாங்கும் வழியைக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டுப் பையன். ஆட்டக்காரர் படம் போட்ட கார்டு ஒன்று, அவருக்கு ஒரு கடிதம், அதோடு நம் விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவர், மூன்றையும் அணியின் முகவரிக்கு அனுப்ப வேண்டும். அம்மாவுக்கு இது உடனே புரிந்துவிட்டது. பத்திரிகைக்குக் கதை அனுப்புகிறவர்கள் சுயவிலாசமிட்ட உறை வைப்பார்களே, அதேதான் என்றாள். அப்போது 29 சென்ட் ஸ்டாம்ப், கவர் ஒன்றுக்கு இரண்டு. அந்தக் கோடை முழுக்க ஏழு கவர் அனுப்பினேன், நாலு திரும்பி வந்தது. தபால் பெட்டியைத் திறக்கும்போது, என் கையெழுத்திலேயே என் பெயர் எழுதிய கவர் உள்ளே கிடப்பதைப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதை வேறு எதிலும் நான் கண்டதில்லை.

1994 ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மீதி சீசன் போயிற்று, சீசன் கடைசியில் வரும் இறுதிப் போட்டியான உலக சீரிஸே நடக்கவில்லை. பெரியவர்களுக்குச் சம்பளப் பேச்சுவார்த்தை, எங்களுக்குப் பொழுதே போகவில்லை. மறுவருஷம் ஆட்டம் திரும்பியபோது ஜனங்கள் கோபமாக இருந்தார்கள், பல ஊர்களில் ஸ்டேடியத்தில் பாதி காலி. அந்த வருஷம்தான் ரிப்கன் ஆட்டம் முடிந்தபிறகும் உள்ளே போகாமல், கம்பித் தடுப்பு ஓரமாக நின்று, கேட்கிறவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சில நாள் ஒரு மணி நேரத்துக்கும் மேல். எல்லோரும் அப்படி இல்லை. இன்னொரு ஆட்டக்காரர், பெயர் வேண்டாம், நாங்கள் கத்தக் கத்தத் தலையைக்கூடத் திருப்பாமல் போயிருக்கிறார். அன்று இரவு நான் அழுதேன்.

ஜூன் மாதம் ஒரு ராத்திரி ஓரியோல்ஸின் மைதானமான கேம்டன் யார்ட்ஸில் அப்பாவும் நானும் அந்தத் தடுப்புக்குப் போய் நின்றோம். எனக்கு முன்னால் நாற்பது பேராவது இருப்பார்கள். அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம் எப்போதோ தீர்ந்துவிட்டது, மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது, மறுநாள் அப்பாவுக்கு ஆபீஸ். போகலாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அருகில் வந்ததும் நான் பார்த்தது ரிப்கனின் கையைத்தான். முழங்கைவரை செம்மண் தூசி, வியர்வை காய்ந்த கோடுகள். பந்தை நீட்டினேன். அதைத் திருப்பி, தையல்கள் நெருங்கி வருகிற குறுகலான இடத்தைப் பார்த்து எழுதினார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார். அவ்வளவுதான், பத்து விநாடி. வழியெல்லாம் காரில் பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பந்தில் எழுத நீல பால்பாயின்ட் பேனாதான் சரி, மார்க்கர் மை தோலில் ஊறிப் பரவும் என்பது எனக்குத் தெரியாது. மறுவருஷம் கார்டு கடைக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் மெல்லிய ஊதாப் படலம், ஈரத் தாளில் மை தொட்ட மாதிரி. இதனால் மதிப்பு குறைந்துவிட்டது என்று அந்தக் கடைக்காரர் சொன்னபோது அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "விக்கிறதுக்கா வாங்கினோம், வாடா" என்று வெளியே கூட்டி வந்துவிட்டார். அம்மா அதன் தையலை எண்ணிப் பார்த்திருக்கிறாள். பேஸ்பாலில் 108 இரட்டைத் தையல். அர்ச்சனைக் கணக்கு என்று சொல்லி அதை சாமி அலமாரியில் கொஞ்ச நாள் வைத்திருந்தாள்.

1995 செப்டம்பர் 6ம் தேதி, பழைய ஆட்டக்காரர் லூ கெரிக் விடாமல் 2,130 ஆட்டம் ஆடிய சாதனையை ரிப்கன் தாண்டினார். டிக்கெட் கிடைக்கவில்லை, டிவியில்தான் பார்த்தோம். நாலாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் வேறு அடித்தார். ஐந்தாவது இன்னிங்ஸ் பாதியில், மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற செங்கல் கிடங்கின் சுவரில் தொங்கிய எண் 2,131 ஆக மாறியது. இருபது நிமிஷத்துக்கு மேல் கைதட்டல் நிற்கவே இல்லை. கூட ஆடுகிறவர்கள் பிடித்துத் தள்ளிவிட, மைதானத்தைச் சுற்றி ஓடி, தடுப்பின்மேல் நீண்ட கைகளையெல்லாம் தொட்டுக்கொண்டே போனார். அப்பா நின்றுகொண்டே பார்த்தார்.

1998 செப்டம்பர் 20, ஞாயிறு ராத்திரி. நாங்கள் ஊர் திரும்புவது முடிவாகியிருந்தது. 2,632 ஆட்டம் ஆகியிருந்தது. இன்றைக்கு நான் ஆடவில்லை என்று ரிப்கனே மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டார். காயம் எதுவும் இல்லை. முதல் ஆள் அவுட் ஆனதும் எதிரணியான யாங்கீஸ்காரர்கள் எழுந்து நின்று அவருக்குக் கைதட்டினார்கள். மறுநாள் பள்ளி இருந்தும் அப்பா என்னைத் தூங்கப் போகச் சொல்லவில்லை. பந்தை மடியில் வைத்துக்கொண்டு நான், பக்கத்தில் அவர். கேமரா எப்போதாவது ஒருமுறை டகவுட் பக்கம் திரும்பி ரிப்கனைக் காட்டும் என்று ஆட்டம் முடிகிறவரை உட்கார்ந்திருந்தோம்.