ஸ்டிக்கர் இல்லாத பாஸ் 429

போன வருடம் வசந்தத்தில், மிச்சிகனில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் நின்று கேட்டார்: "என் ஃபோர்டு மஸ்டாங் காரை விற்கப் போகிறேன். எண்களையும் காகிதங்களையும் சரிபார்க்கக் கொஞ்சம் கூட இருக்கிறாயா?" கார் சீட் வடிவமைப்பது என் பிழைப்பு. ஏதோ ஒரு பழைய வண்டி, ஒரு சனிக்கிழமை வேலை என்று நினைத்துச் சரி என்றேன். அவர் தார்ப்பாயை விலக்கியதும் முன் ஃபெண்டரில், அதாவது முன் சக்கரத்தை மூடும் தகட்டில், இருந்த சிறிய எழுத்தைப் பார்த்தேன். பாஸ் 429: மஸ்டாங்கில் மிகக் குறைவாகவே செய்த ஒரு வகை. ஒரு சனிக்கிழமை வேலை ஏழு வாரமானது.

இந்த வண்டி பிறந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தில் ஒரு புது எஞ்சினை இறக்க ஃபோர்டு ஆசைப்பட்டது. அந்த எஞ்சின் வைத்த கார்களில் குறைந்தது 500 பொதுமக்களுக்கு விற்பனைக்கு வர வேண்டும் என்பது அன்றைய விதி. பந்தயத்தில் அதைச் சுமந்து ஓடியவை ஃபோர்டு குழுமத்தின் வேறு கார்களான டொரீனோ டல்லடேகாவும் மெர்க்குரியும். கணக்குக்காகக் கடையில் விற்றதோ மஸ்டாங். ஆனால் அவ்வளவு அகலமான எஞ்சின் மஸ்டாங்கின் முகப்புக்குள் போகாது. ஆகவே டியர்போர்ன் ஆலையில் உருவான வண்டிகளை பிரைட்டன் ஊருக்கு அனுப்பி, கார் கிராஃப்ட் என்ற நிறுவனத்திடம் மாற்றி வாங்கினார்கள். 1969, 1970 இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து மொத்தம் 1,400கூடத் தேறாது. பிரைட்டன் எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்தான். எத்தனையோ முறை அந்த ஊரைக் கடந்து போயிருக்கிறேன், இது தெரியாமலே.

எண்ணிக்கை இவ்வளவு குறைவு, விலையோ லட்சக்கணக்கான டாலர். போலி வராமல் இருக்குமா? சாதாரண மஸ்டாங்கை வெட்டி ஒட்டி பாஸ் ஆக்கியவர்கள் உண்டு. கார் கிராஃப்ட் ஓட்டுநர் கதவில் ஒட்டிய "கேகே" எண் ஸ்டிக்கர் இருந்தால் வாங்குபவருக்குப் பாதி நிம்மதி. பெரியவரின் கதவில் அது இல்லை. 1981இல் மறுபடி பெயிண்ட் அடித்தபோது கடைக்காரர் சுரண்டி எறிந்துவிட்டாராம். இப்போது அதே மாதிரி அச்சடித்து விற்கிறார்கள், ஒன்று வாங்கி ஒட்டலாமா என்று கேட்டேன். அவர் பதிலே சொல்லவில்லை. நானும் அப்புறம் கேட்கவில்லை.

முதலில் வண்டி எண்ணை (ஆலையில் குத்தும் சேசிஸ் எண்) எழுதி, ஃபோர்டின் பழைய உற்பத்திப் பதிவுகளை வைத்திருக்கும் அரிசோனாவின் மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸில் அறிக்கை கேட்டோம். எண்ணின் தொடக்கம் 9F02Z. 9 என்றால் 1969, F டியர்போர்ன், 02 சாய்கூரை உடல், Z என்பதுதான் பாஸ் 429 எஞ்சினுக்கு உரிய எழுத்து. அறிக்கை வந்தது. எழுத்து சரி, நிறம் சரியில்லை: ராயல் மெரூன் என்று போட்டிருந்தது, எதிரில் நிற்பதோ கறுப்பு. எனக்குப் பகீரென்றது. பெரியவர் பின்பக்க டிரங்க் (டிக்கி) விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கிக் காட்டினார். அடியில் மெரூன். "கறுப்பு என் மனைவியின் யோசனை" என்றார்.

டாஷ்போர்டில் தெரியும் எண் தகட்டை மாற்றிவிட முடியும். அதே எண்ணை முன் ஃபெண்டருக்கு அடியில், உள் தகட்டிலும் குத்தியிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் பாதி இலக்கம்தான் தெரியும், முழுதாகப் படிக்க ஃபெண்டரின் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். ஒரு போல்ட் என் கையாலேயே முறிந்தது. அந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது. பெரியவர் சிரித்துவிட்டு, ஐம்பது வருடத் துருவுக்கு நீ பொறுப்பல்ல என்றார். மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணை எடுத்தோம், சின்ன வயதில் நாணயத்தின் மேல் தாளை வைத்துத் தேய்ப்போமே, அப்படி. எல்லா இலக்கமும் பொருந்தின.

ஃபெண்டர் கழன்று கிடந்ததால் மற்றதையும் நிதானமாகப் பார்த்தேன். எஞ்சினுக்கு இடம் விடுவதற்காக சஸ்பென்ஷனைத் தாங்கும் ஷாக் டவர்களை வெளிப்பக்கம் தள்ளியிருந்தார்கள். டயர் உரசாமலிருக்க ஃபெண்டரின் உள் விளிம்பை மடித்துத் தட்டியிருந்தார்கள். அந்த மடிப்பு ஓர் இடத்தில் அகலம், ஓர் இடத்தில் ஒடுக்கம், கையால் அடித்தது என்று பார்த்ததும் தெரிகிறது. முகப்பில் இடமில்லாமல் பேட்டரி டிரங்குக்குப் போய்விட்டது. ஏசி கிடையாது, பணம் கொடுத்தாலும் கிடைக்காது. ஹூட்டின் (பானெட்டின்) மேலுள்ள பெரிய காற்றுத் திறப்பை டாஷுக்கு அடியிலுள்ள குமிழை இழுத்துத் திறக்க வேண்டும். சீட்டில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் மின்னஞ்சல் பறக்கும் உலகத்தில் இருப்பவன் நான். அந்தக் கோணல் மடிப்பின் மேல் எனக்கு வந்த மரியாதையை எங்கள் ஆபீஸில் சொன்னால் சிரிப்பார்கள். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயா இவ்வளவு விலை?" என்றாள். எஞ்சினுக்குக் கம்பெனி எழுதிய சக்தி 375 குதிரைத்திறன் என்றேன். அவளுக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. அன்றைய வாங்குபவர்கள் பலருக்கும் அப்படித்தான். பந்தய எஞ்சினைத் தெருவுக்காக மூச்சடைத்து விற்றிருந்தார்கள்.

கடைசியாக எஞ்சின். கியர்பாக்ஸில் குத்திய எண் வண்டியோடு பொருந்தியது. எஞ்சினின் அடிப்படை வார்ப்பான பிளாக்கிலும் அதே எண் இருக்க வேண்டும்; அதன் பின்பக்கத்தை டார்ச் அடித்தும், கண்ணாடி வைத்தும், விரலால் தடவியும் பார்த்தேன். எண்ணே இல்லை. சொல்லலாமா வேண்டாமா என்று நான் தயங்க, அவரே சொன்னார்: 1974இல் தான் வாங்கும்போதே முதல் எஞ்சின் உடைந்து மாற்று பிளாக் போட்டதாக முந்தைய உரிமையாளர் சொல்லியிருந்தாராம்.

மதிப்பீடு செய்ய வந்தவர் இதைக் கேட்டு வருத்தமே படவில்லை. வெற்று பிளாக்தானே, எண்ணைக் குத்திக்கொள்ளலாம், அதற்கு ஆள் இருக்கிறார் என்றார். அவர் சொன்ன விலை வித்தியாசம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு முன்பணம். பெரியவர் அவருக்குக் காப்பி கொடுத்து, கூலியையும் கொடுத்து அனுப்பிவிட்டார். விற்பனைத் தாளில் நான் தட்டச்சு செய்த முதல் வரி: எஞ்சின் பிளாக் மாற்றப்பட்டது. இரண்டாவது: கதவு ஸ்டிக்கர் இல்லை. இரண்டு பேர் அந்த இரண்டு வரியோடு நின்றுவிட்டார்கள்.

மூன்றாமவர் ஒஹாயோவிலிருந்து டிரெய்லரோடு வந்தார். பென்சில் தேய்த்த காகிதத்தை வெகுநேரம் பார்த்தார், ஃபெண்டர் விளிம்பைத் தடவினார், அதிகம் பேரம் பேசவில்லை. டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்தில் கையெழுத்தாகி, வண்டி டிரெய்லரில் ஏறிய பிறகு, ஓட்டுநர் கதவைத் திறந்து வெறும் இடத்தைப் பார்த்து, "இங்கே ஒரு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிவிட வேண்டும்" என்றார்.

பெரியவர் என்னைப் பார்த்தார். பிறகு போய் டிரெய்லரில் வண்டியைக் கட்டியிருந்த பட்டையை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினார்.