கிட்டாருக்கும் மிக்சருக்கும் நடுவே

"தம்பி, அது கிட்டாரா, தகர டப்பாவா?"

மிக்சருக்குப் பின்னாலிருந்து சவுண்ட் அண்ணன் இப்படிக் கேட்டபோது நான் மெல்லிசைக் குழுவில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கல்யாண வரவேற்பு, மண்டபம் நிறையக் கூட்டம். கிட்டாரின் தந்திகள் ஏறி நிற்கும் சேடிலுக்கு அடியில், அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ பிக்கப் ஒன்றை மெல்லிய பட்டையாகப் பொருத்தியிருந்தேன். அதிலிருந்து ஒரு சாதாரண ஒயரை நேராக மிக்சரின் லைன் துளையில் சொருகியிருந்தோம். வீட்டில் கணீரென்று ஒலித்த கிட்டார், அங்கே கரண்டியால் தாம்பாளத்தைத் தட்டுவதுபோல் கேட்டது. அண்ணன் பேஸைக் கூட்டிப் பார்த்தார். மண்டபம்தான் குமுறியது, கிட்டாருக்கு உடம்பு வரவில்லை.

பழியைப் பிக்கப்பின் மேல் போட்டேன். அரை மாதச் சம்பளத்தில் வேறொன்று வாங்கிப் பொருத்தினேன். அதே தகரம். கடைசியில் கிட்டார் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர்தான் விளக்கினார்: "பிக்கப் சரியாகத்தான் பேசுகிறது. கேட்கிற காதுதான் சரியில்லை."

பீசோ என்பது மின்சாரக் கணக்கில் ஒரு சின்ன மின்தேக்கி. அதற்கு எதிரே இருக்கும் கருவியின் உள்ளீட்டு மின்தடை குறையக் குறைய, அடித்தள ஒலி கசிந்து போய்விடும். பட்டையின் அளவு 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 1 மெகாஓம் உள்ளீட்டில்கூட 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்கும். கிட்டாரின் ஆறாவது தந்தியோ 82 ஹெர்ட்ஸ். மிக்சரின் லைன் துளையில் இருப்பது சில பத்தாயிரம் ஓம் மட்டும். அங்கே அடித்தளத்தோடு நடுப்பகுதியும் சேர்ந்து போய்விடும். 10 மெகாஓம் உள்ளீடு கொடுத்தால் சரிவு 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது, காதுக்கு ஒரு குறையும் தெரியாது. பிக்கப்புக்கும் மிக்சருக்கும் நடுவே வைக்கிற, எல்.ஆர். பேக்ஸின் பாரா டிஐ போன்ற பிரீஆம்ப் பெட்டிகள் 10 மெகாஓம் வைத்திருப்பது இதற்காகத்தான். அந்தப் பெட்டியின் விலை என் முதல் கிட்டாரின் விலையைவிட அதிகம் என்பதால் அதை வாங்க எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன.

இடைக்காலத்தில் மலிவான வழி ஒன்றைப் பிடித்தேன். கிட்டாருக்கு உள்ளேயே பிரீஆம்ப், 9 வோல்ட் பேட்டரி. தனியாக சுவிட்ச் கிடையாது. ஒயரைச் சொருகினால் ஓடும், பிடுங்கினால் நிற்கும். நான் வீட்டில் பயிற்சி முடித்துவிட்டு ஒயரைப் பிடுங்காமல் கிட்டாரை மூலையில் சாய்த்து வைக்கிறவன். ஒரு வரவேற்பில் மூன்றாவது பாட்டின் நடுவே ஒலி கரகரத்து, கிழிந்து, தொண்டை கட்டிய ஆளைப்போல் ஆகிவிட்டது. பேட்டரி ஒலித்துளைக்கு உள்ளே, கழுத்தின் அடிக்கட்டையில் ஒட்டியிருந்தது. ஆறு தந்திகளையும் தளர்த்தி, அவற்றுக்கு நடுவே கையை நுழைத்துத் துழாவினேன். மணமக்கள் மாலையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை வெளியே எடுத்தபோது மணிக்கட்டில் தந்திகளின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது. மறுபடி சுருதி சேர்க்க இரண்டு பாட்டு நேரம் போயிற்று. அந்த இடைவெளியைத் தபேலாக்காரர் காப்பாற்றினார்.

பிறகு சேடிலைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில், பலகையின் உட்புறத்தில் வில்லைகளாக ஒட்டும் வகைக்கு மாறினேன். இரவு வீட்டில் வாசித்துக் கேட்டபோது சொக்கிப்போனேன். பட்டை பீசோவின் 'வக் வக்' என்ற கடிப்பு இல்லை. மரமே பேசியது. ஆனால் டிரம்ஸும், வாசிப்பவர்கள் கேட்பதற்கென்று மேடையிலேயே வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர்கள் இரண்டும் சூழ்ந்த மேடையில் அந்த மரம் ஊளையிட்டது. கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸில் தானாகவே அதிரும். ஆறாவது தந்தியின் மூன்றாவது கட்டில் விரல் வைத்தால் கிடைக்கிற சுரம் 98 ஹெர்ட்ஸ். அந்தச் சுரத்தை அடியில் வைத்த ஜி மேஜர் கார்டைத் தொட்டால் போதும், மானிட்டர் அதைக் கிட்டாருக்கே திருப்பி ஊட்டும், ஒலி வீங்கிக்கொண்டே போகும். ஒலித்துளைக்கு ரப்பர் மூடி போட்டதில் பாதி அடங்கியது. மீதியை பிரீஆம்பில் இருந்த, ஒரு குறுகிய அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் குமிழ் அடக்கியது: மானிட்டரை மெல்ல ஏற்றி, ஊளை தொடங்கும் கணத்தில் குமிழைத் திருகி, அது செத்துப்போகும் இடத்தில் விட்டுவிட வேண்டும். ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானையும் அழுத்திப் பார்ப்பேன். மானிட்டரிலிருந்து நிற்கும் தூரத்தைப் பொறுத்து அது சில நாள் உதவும், சில நாள் காரியத்தைக் கெடுக்கும்.

இப்போது கல்யாண மேடைக்கு ஒலித்துளையில் மாட்டும் காந்தப் பிக்கப்தான் எடுத்துப் போகிறேன். அது எலெக்ட்ரிக் கிட்டாரின் சாயலில் கொஞ்சம் வழவழப்பாக ஒலிக்கும் என்று தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். மரத்தை விட்டுத் தந்தியை மட்டும் கேட்பதால் எளிதில் ஊளையிடாது. ஒரு குறை உண்டு. தந்தியைச் சுற்றியிருக்கும் வெண்கலக் கம்பி காந்தத்தின் கண்ணுக்குத் தெரியாது, உள்ளே ஓடும் எஃகு மட்டுமே கணக்கு. அதனால் சுற்று இல்லாத இரண்டாவது தந்தி துள்ளிக்கொண்டு முன்னால் வரும். அதன் கீழுள்ள திருகை இறக்கிவிட்டால் ஓரளவு சமமாகும். நைலான் தந்திக் கிட்டாருக்கு இது அறவே உதவாது. வில்லை ஒட்டிய கிட்டார் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு மட்டும் போகிறது. அங்கே டிரம்ஸ் கிடையாது. பாடகர் குழுவும் ஆர்கனும்தான்.

போன மாதம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன், "எந்தப் பிக்கப் வாங்கலாம் அண்ணே? இருப்பது தகரம் மாதிரி ஒலிக்கிறது" என்று கேட்டான்.

"ஒயரை எதில் சொருகுகிறாய்?"

"நேராக மிக்சரில்தான்."

எதுவும் வாங்காதே என்று சொல்லி என் பிரீஆம்பைக் கொடுத்தனுப்பினேன். இரண்டு வாரமாகிறது, இன்னும் திரும்பி வரவில்லை.