அரை பனடோல்

நேற்றுப் பின்னேரம் எங்கள் பூனை சுருண்டு கிடந்தது. காது நெருப்பாய்ச் சுட்டது. "அரை பனடோல் கரைச்சு ஊத்துங்க தம்பி" என்றார் பக்கத்து லயத்து அக்கா. நல்ல மனசுதான். ஆனால் பனடோலில் இருக்கும் பரசிட்டமோலை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரை எடுத்துவிடலாம். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும்.

ஹட்டனில் மிருக டாக்டரிடம் போக ஆட்டோ பிடிப்பதற்குள் ஒரு மணித்தியாலம் போய்விட்டது. மழை வேறு. பிஸ்கட் பெட்டியில் ஓட்டை போட்டு, பழைய துவாய் விரித்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சண்டையில் பட்ட கடிக்காயம் உள்ளே சீழ் பிடித்திருந்ததாம். ஊசி போட்டார்கள்.

இப்போது டாக்டர் நம்பரும் ஆட்டோ அண்ணன் நம்பரும் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் இருக்கின்றன. பெட்டி கட்டிலுக்கு அடியில். அதில் பூனைத் துரை ஏறிப் படுத்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறார்.